குமிழி நிற்கவில்லை

காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்து சிமெண்ட் பெஞ்சில் மூச்சு வாங்க உட்காருகிறோம் அல்லவா, அப்போது நம் கூட்டத்தில் யாராவது ஒருவர் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கும் அந்தக் கிளிப்பை எடுத்துவிடுகிறார். தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கியது. தொற்று போய்விட்டது, கிளிப்பு போகவில்லை. ஒருவர் தொண்ணூற்றேழு என்கிறார். இன்னொருவர் தொண்ணூற்றொன்பது என்று சொல்லிவிட்டு, வகுப்பில் முதல் மார்க் வாங்கினவர் மாதிரி சுற்றிலும் பார்க்கிறார். என் முறை வரும்போது நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறேன். "அறிவியல் டீச்சரே இதுக்குப் பயந்தா எப்படி?" என்று கேலி செய்கிறீர்கள்.

பயமில்லை. எனக்கு அதன் மேல் நம்பிக்கை குறைவு. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் பன்னிரண்டாவது வயதில் ஒரு சங்குப் பருவத்தைச் சொல்ல வேண்டும். என் வாயால் நான் ஒரு மனிதரை ஊரைவிட்டு ஓட்டிய கதை அது. உங்களிடம் நல்ல பெயர் எடுத்தபடியே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

அப்பா சங்கு குளிக்கிறவர். நம் கடலில் முத்துக்குளிப்பு நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. முத்துக்கு இறங்கியவர்களின் பிள்ளைகள் சங்குக்கு இறங்கினார்கள். அப்பாவும் முதலில் மூச்சை அடக்கித்தான் இறங்கினார். நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருடம் மாமா ஒரு கம்ப்ரஸரைக் கொண்டுவந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டயர்க்கடையில் காற்றடிக்க வைத்திருப்பார்களே, அதே மிஷின். அதை வள்ளத்தின் இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்து, நீளமான மஞ்சள் குழாய் ஒன்றை மாட்டினார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு ரப்பர்த் துண்டு. அதைப் பல்லால் கடித்துக்கொண்டு அப்பா பத்துப் பாகம் ஆழத்தில் மணிக்கணக்காக நடந்து சங்கு பொறுக்கினார். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். பத்துப் பாகம் என்றால் ஒரு நெட்டைத் தென்னை உயரத்துக்குத் தண்ணீர். மேலே இன்ஜின் ஓடும்வரை கீழே அவர் மூச்சு விடலாம். அந்த மஞ்சள் குழாய்க்கு எங்கள் தெருவில் மூச்சுக்குழாய் என்று பெயர்.

குழாயை வள்ளத்தில் இருந்து பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யாராக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் ஆட்கள் ஒரே பிடியாக இருந்தார்கள். அண்ணன் தம்பி கூடாது, கூட்டாளி கூடாது. பெண்டாட்டியுடன் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தன் அக்காள் தாலி அறுவதைப் பார்க்கப் பொறுக்காதவன் அவன் ஒருவன்தான் என்று முத்துக்குளிப்புக் காலத்திலிருந்தே வந்த வழக்கம். அப்படித்தான் மாமா அப்பாவின் குழாயைப் பிடித்தார்.

அவருடைய வேலை இரண்டு. குழாயை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டுக்கொண்டு கீழே ஏதாவது இழுப்பு வருகிறதா என்று பார்ப்பது. கண்ணைத் தண்ணீரில் வைத்துக் குமிழியைப் பார்ப்பது. குமிழி வந்தால் ஆள் நன்றாக இருக்கிறான். குமிழி நின்றால் இழு. இதைத் தவிர வேறு சட்டம் அந்தத் தொழிலில் கிடையாது.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வள்ளம் கரைக்கு வரும். அம்மா குசினி வாசலில் நிற்பாள். எங்கள் பக்கத்தில் சமையல்கட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். அப்பாவை ஒன்றும் கேட்க மாட்டாள். தம்பியைத்தான் பார்ப்பாள்.

"ஏலே, குமிழி வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. சோடா பாட்டில ஒடச்ச மாதிரில்லா வந்துச்சு."

அதற்குப் பிறகுதான் தட்டு வைப்பாள். ஒரு நாள் மாமா வேண்டுமென்றே பதில் சொல்லாமல் கை கழுவப் போனபோது, கையிலிருந்த அகப்பையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள். மூவரும் சிரித்தார்கள்.

அந்தப் பருவம் முழுக்க வீட்டில் தைல வாசனை. அப்பாவுக்குச் சாயங்காலமானால் தலைவலி. நெற்றியைச் சுற்றி லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். சில நாள் சாப்பிட்டதை வாந்தி எடுப்பார். வெயில் என்றாள் அம்மா. உப்புத் தண்ணீர் என்றார் மாமா. பித்தம் என்றார் மருந்துக்கடை அண்ணாச்சி. தலைவலி கடலுக்குப் போகிற நாளில் மட்டும் வருகிறதே, ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் அப்பா தூங்கும்போது குழாய் முனையில் இருந்த அந்த ரப்பரை எடுத்து நானும் வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். அப்பாவின் முன்பல் தடம் இரண்டும் அதில் பள்ளமாகப் பதிந்திருந்தன. உப்புக் கரித்தது. உப்புக்குக் கீழே வேறொரு ருசி, பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பும்போது தொண்டையில் அடிக்குமே, அந்தப் புகை ருசி. அப்பா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டார்.

"என்னப்பா இது, பஸ்ஸு புகை மாதிரி இருக்கு?"

"கடல்ல எல்லாம் அப்படித்தாம்ட்டி ருசிக்கும். கீழ வையி, கடிச்சுக் கிடிச்சுப் போடாத."

வைத்துவிட்டேன். ஊரே தேடிய பதில் அன்று என் நாக்கில் இருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் அப்போது எங்களுக்குச் சுவாச மண்டலம் பாடம். அறிவியல் டீச்சர் ஆற்றுப் பக்கத்துக்காரர், நெல் விளையும் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கடலைக் கண்டால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நடப்பார். இடைத்தேர்வில் "மூச்சுக்குழாய் - சிறுகுறிப்பு வரைக" என்று ஒரு கேள்வி. நானும் இன்னும் நான்கைந்து பேரும் தயங்காமல் எழுதினோம். மஞ்சள் நிறம். ரப்பரால் ஆனது. நாற்பது பாகம் நீளம் இருக்கும். மடங்கினால் ஆபத்து. மச்சினன் பிடிக்க வேண்டும்.

டீச்சர் என் விடைத்தாளை உரக்க வாசித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பிறகு அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அன்றைக்கே அடுத்த பாடத்தையும் நடத்தினார்.

"மூச்சு விடுறது வேற, சுவாசம் வேற. ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பிக்காதீங்க. காத்து உள்ள போயி வெளிய வாறது மூச்சு. அது நெஞ்சோட வேலை. அந்தக் காத்த ரத்தம் சொமந்துக்கிட்டுப் போயி ஒடம்புல உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் குடுக்கும். செல்லு அத வச்சு நாம தின்ன சோத்த எரிச்சு சக்தி எடுக்கும். அதுதான் செல் சுவாசம். அரிசிய வாங்கிட்டு வந்து வாசல்ல எறக்குறது மூச்சு. அடுப்புல வச்சுப் பொங்குறது சுவாசம். வாசல்ல மூடை மூடையா எறங்கினாலும் அடுப்பு எரியலன்னா வீட்டுல பட்டினிதான், கேட்டியளா?"

கேட்டோம். நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு வேறுபாடும் எழுதினேன். எழுதினேனே தவிர மனசு அதில் இல்லை. எல்லோரும் சிரித்ததிலேயே நின்றிருந்தது.

நான்கு நாள் கழித்துச் சனிக்கிழமை. காலையிலிருந்தே காற்று விழுந்துவிட்டது. கொடியில் போட்ட துணி அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது. இப்படிப்பட்ட நாளில் தண்ணீர் தெளிந்திருக்கும், சங்கு நிறையக் கிடைக்கும் என்று அப்பாவும் மாமாவும் கூலிக்கு ஏறிய இன்னும் இரண்டு பேரும் உற்சாகமாகப் போனார்கள். இன்ஜின் விடும் புகையை எப்போதும் காற்று ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போய்விடும். அன்று அடித்துக்கொண்டு போகக் காற்று இல்லை. புகை வள்ளத்தின் மேலேயே நின்றது. பக்கத்தில் இருந்த கம்ப்ரஸர் அதை உறிஞ்சிக் குழாய்க்குள் அனுப்பியது. இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று யாருக்கும் தெரியாது.

மூன்று மணி ஆகி, நான்கு ஆகி, வள்ளம் வரவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மணல் காலைச் சுட்டது. தூரத்தில் வள்ளம் தெரிந்ததும் அம்மா தலைகளை எண்ணினாள். நான்கு போனது. மூன்று நின்றது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

வள்ளத்திலிருந்து யாரோ கத்தினார்கள். "மூச்சு இருக்கு! மூச்சு இருக்கு, ஒண்ணும் இல்ல!"

அந்த ஒரு வார்த்தையில் கரை முழுவதும் நிம்மதி அடைந்தது. இன்று நினைத்தால் அந்த நிம்மதிதான் என்னைக் குலை நடுங்கச் செய்கிறது. அப்பாவைத் தூக்கி வந்து வலைக்குவியலில் கிடத்தினார்கள். நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது. உதடு செவேலென்று இருந்தது. "ரத்த ஓட்டம் நல்லாருக்கு, பாரேன்" என்றாள் ஒருத்தி. குடித்த தண்ணீர் வரட்டும் என்று குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார்கள். ஒரு சொட்டும் வரவில்லை. "தண்ணியே குடிக்கல, அசதி மயக்கம், செத்த நேரத்துல எந்திரிச்சிருவாரு" என்றார்கள். ஒருவர் கடுங்காப்பி போடச் சொல்லி ஆள் அனுப்பினார். ஒரு வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. மூச்சுதான் இருக்கிறதே.

மாமா வள்ளத்திலிருந்து இறங்கும்போது கால் தடுமாறி மணலில் விழுந்தார். எழுந்தவர் தள்ளிப்போய் வாந்தி எடுத்தார். பேச்சுக் குழறியது. அதைப் பார்த்த நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "குடிச்சுட்டுக் குழாய் புடிச்சிருக்கான்" என்ற சொல் அங்கேதான் பிறந்தது. மிஷினை ஒட்டிக் குனிந்தே உட்கார்ந்திருந்தவர் அவர். அதே புகையில் கொஞ்சம் அவருக்குள்ளும் போயிருந்தது.

இருட்டியும் அப்பா எழாத பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் அங்கே கட்டிலில் கிடந்தார். நான் கால்மாட்டில் நின்று அவர் நெஞ்சையே பார்த்தேன். சீராக, என் மூச்சைவிடச் சீராக ஏறி இறங்கியது. அம்மா அடிக்கடி அவர் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடாகப் படும். "வருது" என்பாள். ஆனால் கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் இமைகூட அசையவில்லை. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

மாமா வார்டுக்குள் வரவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே வெயிலில் நின்றார். இரண்டாம் நாள் அம்மா ஜன்னலுக்குப் போனாள்.

"குமிழி நின்னுச்சாலே?"

"நிக்கலக்கா."

"நெசத்தச் சொல்லு. கண்ணசந்துட்டியா?"

"மாதா மேல ஆணையா கண்ணெடுக்கலக்கா. குமிழி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ரொம்ப நேரமா ஒரே எடத்துல வந்துச்சு, அத்தான் நடக்கக் காணோம். அதான் எனக்குச் சந்தேகந்தட்டி இழுத்தேன். மேல வந்தப்பவும் மூச்சு ஓடிச்சு."

"குமிழி வந்தா ஆளு நல்லாத்தானல இருக்கணும்? இப்படியா கெடப்பாக?"

அம்மா ஜன்னல் கதவைச் சாத்திவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் என்னைத் தலைவாரிவிட்டு, "பள்ளிக்கூடத்துக்குப் போ. ஒங்க டீச்சர் படிச்சவுகள்லா, அவுகள்ட்ட கேட்டுட்டு வா. மூச்சு நிக்காமயே ஒரு ஆளு சாவாகளான்னு கேளு" என்றாள். அவளுக்கு வேண்டியது தம்பியைப் பற்றிய தீர்ப்பு. தம்பி சொல்வது நடக்கக்கூடியதா, பொய்யா. அது மட்டும் தெரிந்தால் போதும்.

டீச்சர் மேசையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். போனேன். வீட்டில் எங்களுக்கு இருந்தது மூச்சு என்ற ஒரே சொல்தான். அதை வைத்துத்தான் கேட்டேன்.

"டீச்சர், மூச்சு நிக்காமயே ஒரு ஆளு செத்துப் போவாங்களா?"

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாட்டாங்கம்மா. மூச்சு இருந்தா உயிர் இருக்குன்னுதான் அர்த்தம். மூச்சு நிக்காம யாரும் சாக மாட்டாங்க. ஒங்க அப்பா பொழச்சு வந்துருவாங்க, நீ அழாத" என்றார்.

அவர் ஒரு குழந்தைக்கு ஆறுதல் சொன்னார். நான் ஒரு சாட்சியத்தை வாங்கிக்கொண்டு போனேன். ஆறு நாளைக்கு முன் அதே கரும்பலகையில் அவரே எழுதிப்போட்ட பாடம். "மூச்சு நிற்காமலே சுவாசம் நிற்குமா" என்று நான் அந்த இன்னொரு சொல்லை வைத்துக் கேட்டிருந்தால், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பார். அரிசி வாசலில் இறங்கியும் அடுப்பு எரியாத வீட்டைத்தான் நான் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. பாடம் நோட்டில் இருந்தது, அப்பா வார்டில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா இறந்தார்.

ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள், கோயிலின் பக்கச் சுவர் நிழலில் ஊர்க்கூட்டம் கூடியது. மாமா நடுவில் நின்றார். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். ஊர்த்தலைவர் நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தவில்லை.

"நடந்தது நடந்து போச்சுல. குமிழி நின்னுச்சு, நான் கவனிக்கலன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கோ. கண்ணசருதது மனுசனுக்கு உள்ளதுதான். ஊரு மன்னிக்கும், ஒன் அக்காளும் மன்னிப்பா."

"நிக்காதத நின்னுச்சுன்னு எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்?"

"குமிழி வந்துக்கிட்டு இருக்கயில ஒரு ஆளு எப்படிலே சாவான்?"

"தெரியல அண்ணாச்சி. ஆனா நிக்கல."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அப்போது அம்மா, வெள்ளைச் சேலையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவள், என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "எம் மவ டீச்சர்ட்ட கேட்டுட்டு வந்திருக்கா. சொல்லுட்டி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒப்பிப்பதில் நான் கெட்டிக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

"மூச்சு இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். மூச்சு நிக்காம யாரும் சாக மாட்டாங்க. டீச்சர் சொன்னாங்க."

மாமா என்னைப் பார்த்தார். திருவிழாவில் என்னைத் தோளில் தூக்கிவைத்துத் தேர் காட்டியவர். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு வலிக்காது. அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது போலப் பார்த்தார். படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள், ஒருவேளை நின்றுதான் இருந்ததோ, தான்தான் பார்க்கவில்லையோ என்று. அதற்குப் பிறகும் அவர் நின்றது என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான்.

அம்மா எழுந்தாள். "எனக்குத் தம்பி இல்ல" என்றாள். கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகு அவர் கையில் குழாயைக் கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. மாமா மணப்பாட்டுக்குப் போய் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம், பிள்ளைகள், எல்லாம் அங்கேயே. எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவருக்குச் சொல்லவில்லை. மஞ்சள் குழாயை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. பல் தடம் பதிந்த ரப்பரை மட்டும் நான் எடுத்துப் பென்சில் டப்பாவில் வைத்திருந்தேன். ஒரு வருட மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அதுவும் போய்விட்டது.

நான் அறிவியல் டீச்சரானேன். மூச்சு விடுதலுக்கும் செல் சுவாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை வருடா வருடம் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதிப்போட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பன்னிரண்டு வருடம் நடத்தியும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள், அடைத்த அறையில் ஜெனரேட்டர் வைத்துத் தூங்கியவர்கள் புகையில் இறந்துபோன செய்தியைப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி எழுந்து, "அப்ப அவங்க மூச்சு விட்டுக்கிட்டேதான செத்தாங்க மிஸ்?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஆரம்பித்தேன். புகையில் உள்ள ஒரு வாயு, ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் தான் ஏறி உட்கார்ந்துகொள்ளும், இறங்காது. நெஞ்சு பாட்டுக்கு ஏறி இறங்கும், ரத்தம் பாட்டுக்கு ஓடும், சிவப்பாகக்கூட இருக்கும், ஆனால் செல்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். நாக்கில் பஸ் புகை ருசித்தது. சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா பொய் சொல்லவில்லை. குமிழி நிற்கவில்லை. தண்ணீருக்கு அடியில் அப்பா மூச்சு விட்டுக்கொண்டேதான் இருந்தார். ஒவ்வொரு மூச்சிலும் செத்துக்கொண்டிருந்தார்.

தெரிந்த அன்றே அம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. சொன்னால் அந்த வாக்கியத்தை எடுத்துவந்தது நான் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம், பழசைக் கிளறக் கூடாது, மகள் கல்யாணம் முடியட்டும் என்று சாக்கு மேல் சாக்கு. இன்னும் பதினைந்து வருடத்தைத் தின்றேன். பச்சைக் கோழைத்தனம், வேறு பெயர் வேண்டாம்.

போன மாதம் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அன்று மத்தியானம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புகை, ரத்தம், செல், அடுப்பு. டீச்சரிடம் நான் கேட்ட விதம். டீச்சர் சொன்ன விதம்.

அம்மா உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்தாள்.

"நின்னுச்சுன்னு ஒரு பொய் சொல்லிருந்தாம்னா நான் அன்னைக்கே மன்னிச்சிருப்பேன்" என்றாள் கடைசியில். "சொல்ல மாட்டேன்னுட்டான். அந்தக் கோவந்தாம்ட்டி எனக்கு. கண்ணசந்ததுக்கு இல்ல." பிறகு, "காருக்குச் சொல்லு" என்றாள். கையைக்கூடக் கழுவவில்லை.

மணப்பாட்டுக்குக் காரில் போனோம். என்ன சொல்லப் போகிறாளோ, அவர் முகம் கொடுப்பாரோ மாட்டாரோ என்று வழியெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மாமா கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க். கட்டில் பக்கத்தில் சிலிண்டர். அதில் மாட்டிய சிறு பாட்டிலில் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் காற்று புகுந்து குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. விரலில் கிளிப்பு. எண்பத்தெட்டு. இந்தக் கிளிப்பை அன்று அப்பாவின் விரலில் மாட்டியிருந்தால் தொண்ணூற்றொன்பது காட்டியிருக்கும். புகை ஏறிய ரத்தத்துக்கும் நல்ல ரத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நம் பெஞ்சில் நான் ஏன் கையை இழுத்துக்கொள்கிறேன் என்று இப்போது தெரிகிறதா?

அம்மா வாசலிலேயே நின்றாள். மாமா பார்த்துவிட்டார். எழ முயன்றார், முடியவில்லை. நான் முந்திக்கொண்டு, "மாமா, நான்தான் டீச்சர்ட்ட தப்பாக் கேட்டேன்" என்று ஆரம்பித்தேன். அம்மா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சிலிண்டரிலிருந்து வரும் மெல்லிய குழாய் அவள் மடியில் விழுந்தது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்துப் பிடித்தாள்.

"ஏலே" என்றாள். "குமிழி வந்துச்சா?"

மாமா மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"வந்துச்சுக்கா" என்றார். "நிக்கவே இல்ல."

"சரி. அத மாட்டு."

மாஸ்க்கை அவளே சரியாக வைத்துவிட்டாள். பிறகு பாட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. குழாயைக் கையிலிருந்து விடவும் இல்லை.